கீழே போட்ட கோலை எடுக்கலாமா?

இந்த மாதச் செய்திக்கு யாத்திராகமம் 4-ம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை வாசித்துக்கொள்ளுங்கள். அப்படியே 20-ம் வசனத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கேதான் வரப்போகிறோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கலைந்துபோன பிறகு, வயதான ஒரு சகோதரன் மட்டும் வாசற்படியண்டை நின்றுகொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயசு. நாற்பது வருஷமாய் நம் சபையில் கர்த்தரைச் சேவிக்கிறவர். "பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். கேட்டா நீங்க சங்கடப்படக் கூடாது" என்றார். கேளுங்க பிரதர் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் மறுபடியும் ஊதலாமா?" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். தேவஜனமே, இதில் என் பங்கும் இருக்கிறது, அதை முதலில் அறிக்கை செய்துவிடுகிறேன். அந்தச் சகோதரன் வாலிப நாட்களில் ஒரு டான்ஸ் பாண்டில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். ரயில்வே இன்ஸ்டிட்யூட்களில் கிறிஸ்மஸுக்கும் நியூ இயருக்கும் ஆங்கிலோ-இந்தியர்கள் நடத்துகிற நடனங்களுக்கு, விடிய விடிய ராக் அண்ட் ரோல் ஊதுவார். ஊதி முடித்தால் குடி. குடித்தால் வீட்டில் சண்டை. இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்த வாரம் ஜெபிக்க அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயசு, வைராக்கியம் அதிகம், வேத அறிவு கொஞ்சம். கட்டிலுக்கு அடியில் கருப்புப் பெட்டியைக் கண்டேன். திறக்கச் சொன்னேன். வளைந்து பளபளவென்று கிடந்தது. "இது பிசாசின் குழல், இது வீட்டில் இருந்தால் ஆசீர்வாதம் வராது" என்று சொல்லிவிட்டேன். எந்த வசனத்தை வைத்துச் சொன்னேன்? ஒரு வசனமும் இல்லை! அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவி அதைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டார்கள். நாற்பது வருஷம் அது அங்கேயே கிடந்தது.

"நம்ம ஆராதனையிலே கீர்த்தனைக்கு வாசிங்க பிரதர், நல்லதுதானே" என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "பாஸ்டர், கீர்த்தனைக்குன்னா நான் எதுக்கு உங்க கிட்ட கேக்கணும்? எங்க பாண்டிலே டிரம்ஸ் வாசிச்சவன் இன்னும் இருக்கான். வர்ற டிசம்பர்ல அவனுக்கு எழுபது. அவன் வீட்டிலேயே வெச்சு, அந்தப் பழைய டியூனை எல்லாம் ஒரு தடவை வாசிக்கணும்னு ஆசைப்படறான். அதுக்குக் கேக்கறேன்."

இரண்டு வாரம் டைம் கொடுங்க என்றேன். ஜெபித்தேன், வேதத்தைத் தேடினேன். அதோடுகூட, இப்படி ஊதுகிறவர்களில் யாராவது விட்டுவிட்டு மறுபடியும் எடுத்தவர்கள் உண்டா என்றும் தேடிப் படித்தேன். ஒருவர் அகப்பட்டார்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே வாட்ஸ் என்கிற பகுதியில் 1927-ல் பிறந்தவர். சிசில் ஜேம்ஸ் மெக்னீலி என்று பெயர். உலகம் அவரை 'பிக் ஜே' என்று அழைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வரவேண்டுமே! 1906-ல் அசூசா தெருவிலே, அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் என்கிற ஊழியக்காரன் முழங்காலில் நின்றபோது எழுப்புதல் அக்கினி பற்றியெரிந்த அதே நகரம்தான். அந்த அக்கினியின் ஒரு பொறி நம்முடைய தாத்தாமார் காலத்தில் இங்கேயும் வந்து விழுந்தது. அல்லேலூயா!

இந்த மெக்னீலி, அண்ணன் வாசித்த சாக்ஸபோனைப் பார்த்துத் தானும் எடுத்தவர். 1949-ல் அவருடைய ஒரு இசைத்தட்டு அமெரிக்கக் கருப்பின மக்களின் இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதன் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'டீக்கன்ஸ் ஹாப்'. டீக்கன் என்றால் நம் சபைகளில் உதவிக்காரர் என்கிறோமே, அவர்தான். உதவிக்காரருடைய துள்ளல் என்று வைத்துக்கொள்ளுங்கள்! நம் உதவிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் ஊதுகிற விதத்தை 'ஹாங்கிங்' என்பார்கள். அடித்தொண்டையில் வாத்து கத்துவதுபோல ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப இடிப்பது. பிறகு சட்டென்று உச்சத்துக்குப் போய் அலறுவது. ஊதும்போதே தொண்டையில் உறுமினால் சத்தம் கரகரப்பாய் வரும், அதையும் சேர்த்துக்கொள்வது. டென்னஸி மாகாணத்தில் ஒரு ராத்திரி ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். இவர் முழங்காலில் விழுந்து ஊதினார். அதற்கும் அசையவில்லை. அப்படியே தரையில் படுத்துக்கொண்டு ஊதினார். அவ்வளவுதான், கூட்டம் கொந்தளித்துவிட்டது! அதிலிருந்து போகிற இடமெல்லாம் மல்லாந்து படுத்து ஊதுவதே அவருக்கு அடையாளமாயிற்று. 1951-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் அரங்கத்தில் பாப் வில்லோபி என்கிற புகைப்படக்காரர் எடுத்த படம் இன்றைக்கும் பிரசித்தம். இவர் மேடையில் மல்லாந்து கிடக்கிறார், வாலிபர்கள் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கத்துகிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதுதானே பிசாசின் கிரியை!" என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம உபவாசக் கூட்டத்தை யாராவது போட்டோ எடுத்தாலும் இப்படித்தாங்க இருக்கும்" என்றாள். நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அதுவும் உண்மையே. அசூசா தெருவிலிருந்து அக்கினியைக் கொண்டுபோன சார்லஸ் மேசன் கட்டியெழுப்பிய சபையிலே கித்தாரும், தம்புரும், கொம்பும் ஆராதனைக்குள் வந்தன. அந்தச் சபையில் வளர்ந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், கித்தாரோடு 1938-ல் உலகத்தாரின் மேடையேறினபோது சபையார் மனமடிவானார்கள். ராக் அண்ட் ரோலுக்கு அந்த அம்மாளையே ஒரு தாய் என்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லி சிறுவயதில் உட்கார்ந்தது அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையின் பெஞ்சில். அப்படியானால் அந்த இசை எங்கோ நரகத்தில் உண்டாகி மேலே வந்ததல்ல. நம்முடைய வீட்டுப் பிள்ளைதான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போயிற்று. இதை எழுதும்போது சிலர் என்மேல் வருத்தப்படுவீர்கள் என்று அறிவேன். படுங்கள், பரவாயில்லை. ஆனால் சரித்திரம் அதுதான்.

மெக்னீலியிடம் வருவோம். பேர் புகழ் வந்தது. தொல்லையும் வந்தது. சான்டியாகோவில் ஊதிக்கொண்டே கிளப்பை விட்டுத் தெருவுக்கு வந்தவரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள், உள்ளே இருந்த பாண்டோ அவர் திரும்பி வருவார் என்று வாசித்துக்கொண்டே இருந்ததாம்! இது அவரைப்பற்றிச் சொல்லப்படுகிற கதை. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலே அவருக்கு மேடை மறுக்கப்பட்ட காலமும் உண்டு. பிறகு 1960-களில் கித்தார் முன்னுக்கு வந்தது. சாக்ஸபோன் பின்னுக்குப் போயிற்று. 1971-ல் அவர் இசைத் தொழிலை விட்டு இறங்கினார். என்ன வேலைக்குப் போனார்? தபால்காரர் வேலை! ஆயிரம்பேர் கத்திக் கூப்பிட்ட மனுஷன், தோளில் தபால் பையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய் நடந்தார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, பன்னிரண்டு வருஷம். கடுதாசி கொண்டுவருகிறவருக்கு யாராவது கைதட்டுவார்களா?

அவர் யெகோவாவின் சாட்சிகள் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்கள் திரித்துவத்தை மறுதலிக்கிறவர்கள். அந்த உபதேசத்தை நாம் ஏற்கிறதில்லை, அதில் எந்த மழுப்பலும் வேண்டாம். அவருடைய உபதேசத்தையல்ல, அவருடைய கோலை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

இப்போது வேதத்துக்கு வாருங்கள். மோசேயின் கையில் என்ன இருந்தது? ஒரு கோல். ஆடு மேய்க்கிற சாதாரணக் கோல். கர்த்தர் அதைத் தரையிலே போடச் சொன்னார். போட்டான், அது பாம்பாயிற்று. அதுவரை அவன் அந்தக் கோலுக்கு உள்ளே ஒரு பாம்பு இருக்கிறதைக் கண்டதே இல்லை. கையில் பிடித்திருக்கும் வரைக்கும் தெரியாது, பிரியமானவர்களே! கீழே போட்டால்தான் தெரியும். மோசே என்ன செய்தான்? ஓடினான்! நாமும் ஓடுகிறோம். சினிமாவை விட்டு, சீட்டாட்டத்தை விட்டு, பாட்டை விட்டு ஓடுகிறோம். ஓடுகிறது நல்லதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லையே! கர்த்தர் அவனைத் திரும்பக் கூப்பிட்டு, அதன் வாலைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். வாலைப் பிடித்தால் தலை சும்மா இருக்குமா? திரும்பிக் கடிக்கும். தலையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிற விசுவாசம் உள்ளவன்தான் வாலைத் தொட முடியும்.

எகிப்திலே இஸ்ரவேலர் விட்டு வந்த இறைச்சிப் பாத்திரங்களும் உண்டு. அதற்குத் திரும்புகிறவன் கெட்டான். ஆக, விட்டதெல்லாம் ஒன்றல்ல. மறுபடியும் தொடக்கூடாதது ஒன்று, கர்த்தர் திரும்ப எடுக்கச் சொல்லுகிறது இன்னொன்று. இரண்டையும் ஒரே பரணில் போட்டுவிட்டேனே, அதுவே நான் செய்த பிழை.

லிட்டில் ரிச்சர்ட் என்கிற பாடகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராக் அண்ட் ரோலின் பெரிய பெயர்களில் ஒருவர். 1957-ல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, இனி தேவனுக்கே என்று எல்லாவற்றையும் விட்டு, வேதாகமம் படிக்கப் போனார். 1962-ல் இங்கிலாந்துக்குப் போனவர் மறுபடியும் அதே பாட்டு. எழுபதுகளின் கடைசியில் மறுபடியும் விட்டார், எண்பதுகளில் மறுபடியும் எடுத்தார். 2020-ல் மரிக்கும் வரை அந்த ஊசலாட்டம் அவரை விட்டதாய்த் தெரியவில்லை. அவரை நியாயந்தீர்க்க நான் யார்? பார்த்தால் மனசு வலிக்கிறது, அவ்வளவே. கோலைப் போடுவதும் எடுப்பதும் தானாகச் செய்தால் கை நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மெக்னீலி 1983-ல் தபால் பையை இறக்கி வைத்துவிட்டு சாக்ஸபோனைத் திரும்ப எடுத்தார். அப்போது வயசு 56. நடந்து நடந்து தேய்ந்த கால். முதல் ஓட்டம் இருபத்து மூன்று வருஷம் என்றால் இரண்டாம் ஓட்டம் முப்பத்தைந்து வருஷம்! ஐரோப்பாவெங்கும் போனார். தொண்ணூறை நெருங்கியும் ஊதினார். 2018-ல் 91 வயதில் மரித்தார். 1989 நவம்பர் 9-ந் தேதி, பெர்லின் மதில் திறக்கப்பட்ட ராத்திரி, அந்த நகரத்துக் கிளப் ஒன்றில் இவர் ஊதிக்கொண்டிருந்தார். மதிலை இவருடைய சாக்ஸபோன்தான் இடித்தது என்று வேடிக்கையாய்ச் சொல்வார்கள். எரிகோவின் எக்காளம் என்று நினைப்பு! அது கூடாது. லைப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயத்தில் திங்கட்கிழமைதோறும் கூடி ஜெபித்தவர்களை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் அந்த ராத்திரி அங்கே ஒரு பழைய தபால்காரர் ஊதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

இன்னொன்று. ஆதியாகமம் 4-ம் அதிகாரத்தில் யூபால் என்று ஒருவன் வருகிறான். கின்னரமும் குழலும் வாசிக்கிறவர்களுக்கெல்லாம் தகப்பன். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அங்கே நாகசுரக்காரர் என்றே போட்டிருக்கிறது! அவன் யாருடைய வம்சம்? காயீனுடைய வம்சம். கொலைகாரனுடைய வம்சத்தில் பிறந்த கின்னரம்தான் பிற்பாடு தாவீதின் கையில் வந்து சவுலின் மேலிருந்த பொல்லாத ஆவியை விலக்கிற்று. நம் பக்கத்தில் சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத் அவர்களை நினைப்போம். 2019-ல் காலமானார். அவரும் நாகசுரக்காரர் வீட்டுப் பிள்ளைதான். குழலுக்குத் தானாக ஒரு மதமும் இல்லை, பாவமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போனேன். ஒன்றே ஒன்று கேட்டேன். "பிரதர், அன்னைக்கு நீங்க எதுக்காக விட்டீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "குடியை இயேசுவுக்காக விட்டேன் பாஸ்டர். இதை உங்களுக்காக விட்டேன்."

பிரசங்க பீடத்தில் நாற்பது வருஷம் நின்றவன், அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் போடச் சொல்லாததை நான் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் கையிலிருந்து பிடுங்கிய என்னாலே, எடுங்கள் என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. "என்னை மன்னிச்சிருங்க பிரதர்" என்றேன். அவர் பதறிப்போய் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சகோதரிதான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். புடவை அப்படியே இருந்தது.

திறந்தோம். பித்தளை கருத்திருந்தது. துவாரங்களை மூடுகிற தோல் வில்லைகள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன, சிலதைப் பூச்சி தின்றிருந்தது. ஸ்பிரிங்கில் துரு. கழுத்தில் சுற்றியிருந்த கார்க் விரலில் தொட்டதும் உதிர்ந்தது. நாகசுரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கும் நாணலில் ஒரு ரீட் உண்டு. அது கீறிப்போயிருந்தது. பாண்டு வாத்தியம் பழுதுபார்க்கிற ஒருவரிடம் கொடுத்து மூன்று வாரத்தில் வாங்கிவந்தார்கள்.

வாத்தியத்தைப் பழுதுபார்த்துவிடலாம், வாயை என்ன செய்கிறது? சாக்ஸபோனுக்கு மேல்பல்லை ஊதுவாயின்மேல் ஊன்றி, கீழுதட்டை ரீட்டுக்குக் கீழே மெத்தையாய் மடித்து, சுற்றிலும் காற்று ஒழுகாமல் பிடிக்கவேண்டும். சகோதரனுக்கு மேல்வரிசை முழுவதும் கட்டுப்பல்! ஊன்றினால் அசைகிறது. ஒரு சுரத்தை அசையாமல் நீட்டிப் பிடிக்கிற பழக்கத்தைத் தினமும் காலையில் செய்கிறார். பத்து நிமிஷத்தில் உதடு துவண்டுவிடுகிறதாம். "நாற்பது வருஷத்துக்கு முந்தி ராத்திரி முழுக்க ஊதுவேன் பாஸ்டர். இப்ப ஸ்கேல் ஒண்ணு முடியறதுக்குள்ள மூச்சு வாங்குது" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் அவரிடத்தில் முன்னே பார்த்ததில்லை.

நண்பர் வீட்டுக்குப் போகிறதைப்பற்றி அவரே சொன்னார். அங்கே பாட்டில் வைப்பார்களாம். வைக்கட்டும், நான் பெப்ஸி குடிச்சுக்கிறேன் என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்களா!" என்றார். ஏன், வாலைப் பிடிக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடாதா? சபையில் சிலர் இதை அறிந்து பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நானே முந்தி இதில் எழுதிவிட்டேன்.

20-ம் வசனத்தை இப்போது பாருங்கள். மோசே எகிப்துக்குப் புறப்படுகிறபோது அவன் கையில் இருந்தது அதே கோல்தான். மாற்றிக் கொடுக்கவில்லை, புதுசு செய்து கொடுக்கவில்லை. அதே மரம், அதே கணு. ஆனால் வேதம் அதற்கு அங்கே வேறே பெயர் வைக்கிறது. என்ன பெயர் என்று உங்கள் வேதாகமத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பருக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. பல் வைத்தியர் கட்டுப்பல்லைக் கொஞ்சம் இறுக்கமாய்ச் செய்துகொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சகோதரனுடைய உதடும் மூச்சும் பலப்படும்படி உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் பெட்டி வைத்திருக்கிற மற்றவர்களும் இருந்தால், தயவுசெய்து வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் மிச்சம் இருக்கும்.